மில் களத்தில் நான் வாசிக்காத செய்தி

எழுபதுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், உத்திரமேரூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர் ரைஸ் மில்லின் களத்தில் இது நடந்தது. எனக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. மாத்திரைகளை எண்ணி டப்பாவில் போட்டுவிட்டு, மூடுவதற்கு முன் இன்னொரு தடவை எண்ணுகிறவன் நான். வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பேன். என் மகள் கேலி செய்வாள். அவளுக்குத் தெரியும், இது வயதால் வந்ததில்லை. செய்தி வாசித்ததால் வந்தது.

சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிய புதிதில் தமிழில் செய்தி வாசிக்க ஆட்கள் தேடினார்கள். குரல் பரிசோதனைக்குப் போனேன், எடுத்துக்கொண்டார்கள். பகலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் நிலையத்தில் செய்தி. அது நிரந்தர வேலை இல்லை. கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும். அப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓடியது.

இப்போது போல எதிரில் எழுத்து ஓடும் வசதி அன்று கிடையாது. கையில் தாள்தான். ஒரு வரியைக் குனிந்து பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து சொல்ல வேண்டும். பிறகு குனிந்து அடுத்த வரி. மூச்சு எங்கே விடுவது என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன். ஒருமுறை நடுவில் ஒரு தாள் இல்லாமல் போய், அணை நீர்மட்டத்தில் ஆரம்பித்த வாக்கியம் கால்பந்துப் போட்டியில் போய் முடிந்தது. அன்றிலிருந்து, ஒளிபரப்பு விளக்கு எரிவதற்கு முன் தாள்களை மூன்று தடவை எண்ணுவது வழக்கமாயிற்று.

எண்ணுவதோடு இன்னொன்றும் பார்ப்பேன். ஒவ்வொரு தாளின் மேல் ஓரத்திலும் செய்தி ஆசிரியரின் சுருக்கொப்பம் இருக்க வேண்டும். யாரிடமிருந்து வந்தது, உறுதியானதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் அதைப் போடுவார். அது இல்லாத தாளை வாசிக்கக் கூடாது. இருக்கிற தாளில் சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது. புதிதாக வந்தவர்களிடம் அவர் ஒரே ஒரு பாடம்தான் நடத்துவார். "நாம கேள்விப்பட்டதச் சொல்றவங்க இல்லய்யா. தெரிஞ்சதச் சொல்றவங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போவேன். எங்கள் ஊரில் அப்போது ஒரே ஒரு டிவி, மில்லுக்காரருடையது. உயரமான சவுக்குக் கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டியிருந்தார். காற்று அடித்தால் ஒரு ஆள் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மில் ஓடினால் வோல்டேஜ் இறங்கிப் படம் சுருங்கிவிடும் என்று, செய்தி நேரத்தில் மில்லையே நிறுத்திவிடுவார். நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் ஊர் உட்கார்ந்திருக்கும். நான் "வணக்கம்" என்றதும் களம் முழுக்கக் கும்பிட்டுத் திருப்பி வணக்கம் சொல்லுமாம். நாங்கள் உட்கார்ந்திருப்பது உள்ளேயிருந்து தெரிகிறதா என்று ஒரு பெரியவர் கேட்டார். விளையாட்டாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் சட்டை போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்.

ஒரு தடவை, செங்கல்பட்டு மாவட்டத்தில் பலத்த மழை பெய்யக்கூடும் என்று வாசித்தேன். எங்கள் பக்கம் அப்போது செங்கல்பட்டு மாவட்டம்தான். மில்லுக்காரர் அதைக் கேட்டு, களத்தில் கிடந்த நெல்லை எல்லாம் வாரி உள்ளே போட்டார். விடிவதற்குள் கொட்டித் தீர்த்தது. அதிலிருந்து ஊரில் என் பேச்சுக்கு ஒரு தனி மதிப்பு. நான் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்ததை வாசித்தேன் என்று எத்தனையோ தடவை விளக்கினேன். யாரும் கேட்பதாக இல்லை.

அந்தக் களத்தில் புழுங்கல் நெல்லைக் காலால் துழாவிக் காயவைக்கிற பெண்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இருபத்தைந்து வயது இருக்கும். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. தாமல் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வாய் சும்மா இருக்காது.

"ஏண்ணா, அந்தப் பொட்டிக்குள்ள ஒரு தபாவாச்சும் சிரிச்சா இன்னா? அபராதம் போட்ருவாங்களா? சாவுறவன் அத்தினி பேரும் உங்க மாமன் மச்சான் மாதிரி மூஞ்ச வெச்சிக்கினு கீறீங்க."

அவள் வீட்டுக்காரர் அதே மில்லில் மூட்டை தூக்குகிறவர். அதிகம் பேசாத மனிதர். அன்று தோளில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தவர் நின்று, "சும்மா இரு. அவரு சிரிச்சா சேதி பொய்யாப் பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருடம் ஐப்பசி கடைசியில் ஆந்திரக் கரையில் ஒரு புயல் அடித்தது. மில்லிலிருந்து எண்ணெய் ஆலைக்குத் தவிடு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நெல்லூருக்கு வடக்கே போயிருந்தது. டிரைவரும், மூட்டை இறக்க அவள் வீட்டுக்காரரும் போயிருந்தார்கள். புயல் செய்தியை அன்று மாலை வாசித்தவன் நான்தான். காணாமல் போனவர்களைப் பற்றிய விவரம் இன்னும் தெரியவில்லை என்ற வரியை, போட்ட கோட்டில் மூச்சு விட்டு, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வாசித்தேன். எங்கள் ஊர் லாரி அங்கே நின்றிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

மில்லுக்காரரும், அவள் வீட்டுக்காரரின் அண்ணனும் தேடிப் போனார்கள். லாரி ஒரு கால்வாயில் கவிழ்ந்து கிடந்தது. டிரைவரின் உடல் கிடைத்தது. இவருடையது கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்திருந்தவர்களிடையிலும் ஒரு வாரம் தேடினார்கள். அடையாளம் பார்க்க ஆளில்லாத உடல்களை ஏற்கெனவே அடக்கம் செய்துவிட்டதாக அங்கே சொன்னார்களாம். வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

அவள் புகுந்த வீட்டில் கணவரின் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இங்கேதான் சிக்கல். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், காரியம் முடித்துத் தீட்டுக் கழித்துவிட்டுக் கல்யாணம் செய்யலாம். சாவே இல்லையென்றால் எந்தத் தடையும் இல்லை. இரண்டுமில்லாமல் நடுவில் நிற்கும் வீட்டில் பந்தக்கால் நட எங்கள் பக்கத்தில் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிவிட்டார்கள், ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள் என்று. உடல் இல்லாவிட்டால் வைக்கோலில் ஓர் உருவம் செய்து காரியம் செய்வதுண்டு. மார்கழி பிறப்பதற்குள் அதைச் செய்துவிட வேண்டும் என்று குடும்பம் முடிவு செய்தது. ஆனால் அதற்கு அவள் தாலியைக் கழற்ற வேண்டும். அவள் மாட்டேன் என்றாள்.

எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் அவள் சொன்னாளாம்: "நியூஸ்ல அந்த அண்ணன் சொல்லட்டும். கயட்டிட்றேன்."

அவள் வீட்டுக்காரரின் அண்ணன் என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கேண்டீனில் உட்கார வைத்தேன். வாங்கி வைத்த டீயைத் தொடவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். தம்பியைத் தேடிய ஒரு வாரத்தில் பாதியாக இளைத்திருந்தார்.

"ஒரு வார்த்த சொல்லிடுங்க தம்பி. அவ நம்பிடுவா."

நானாக எதுவும் சொல்ல முடியாது, பெயர் எழுதி வர வேண்டும் என்று விளக்கினேன்.

"நாட்ல எவனெவனோ செத்ததச் சொல்றீங்க. நம்மூர்க்காரன் ஒருத்தன் பேரச் சொல்ல இன்னா கஷ்டம்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்று மாலையே செய்தி ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நெல்லூர்ப் பக்கத்துச் செய்தி அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டு, லாரியின் விவரத்தைச் சொல்லி விசாரித்தார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. லாரி கிடைத்தது, ஓட்டுநர் உடல் கிடைத்தது, இன்னொருவரைப் பற்றித் தகவல் இல்லை. "பேர் வந்தா நானே உன் கையில குடுக்கறேன். வராம குடுக்க மாட்டேன்" என்றார்.

இதை அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவரிடமிருந்து திரும்ப ஆள் வந்தது. டிவியில் சொல்ல வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது களத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும், டிவியில் சொல்கிற மாதிரியே சொன்னால் போதும் என்று. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வாக்கியத்தை உருவாக்கிப் பார்த்தேன். புயலில் சிக்கிய லாரியில் சென்ற இன்னார் உயிரிழந்தார். ஆறே சொல். நான்காவது சொல்லுக்குப் பிறகு மூச்சு விட வேண்டும். பெரும்பாலும் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்கே தோன்றியது. புயல் அடித்து மூன்று வாரமாகிவிட்டது. உயிரோடு இருக்கிறவர் ஒரு கார்டாவது போட்டிருப்பார். ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும். இவளும் எத்தனை நாள்தான் இப்படி நிற்பாள்? யாருக்கும் இதில் கெடுதல் இல்லை என்று பாலாறு தாண்டும்போது ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

களத்துக்குப் போனபோது மில்லை நிறுத்தியிருந்தார்கள். வழக்கமாக டிவி வைக்கும் இடத்தில், டிவிக்குப் பதிலாக ஒரு நாற்காலியும் மேசையும். மேசையின் மேல் யாரோ ஒரு துண்டை விரித்திருந்தார்கள். வந்திருந்தவர்களை எண்ணினேன், பழக்கம். நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். மில்லுக்காரர் நெல் அவிக்கும் தொட்டிப் பக்கம், எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். லாரியை அனுப்பியவர் அவர்.

அவள் வேலையிலிருந்து அப்படியே வந்து தரையில் உட்கார்ந்தாள். தலையில் கட்டிய துண்டு, காலெல்லாம் நெல் சுணை. தாலிக்கயிற்றைப் புடவைக்கு வெளியே எடுத்துவிட்டிருந்தாள். அவளாக எடுத்துவிட்டாளா, வேறு யாராவது அப்படிச் செய்யச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். மில் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி எழுதி வாங்கியிருந்தார். நல்ல கையெழுத்து. நான் பஸ்ஸில் யோசித்ததைவிட நல்ல வாக்கியம்.

கை தன் பழக்கப்படி தாளைத் திருப்பிப் பார்த்தது, வேறு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. கண் தன் பழக்கப்படி மேல் ஓரத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருந்தது.

"இது யாரு சொன்னது?" என்று அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நான்தான் சொல்றேன்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல" என்றார். பிறகு, அவளுக்குக் கேட்காத குரலில், "பாத்திருந்தா நான் ஏன் தம்பி உன்ன கூப்புட்றேன்" என்றார்.

நான் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். எத்தனையோ மாலைகள் அப்படி நிமிர்ந்திருக்கிறேன். எதிரே எப்போதும் காமிராவின் கண்ணாடிதான் இருக்கும். அன்று ஒரு முகம் இருந்தது. நான் நிமிர்ந்ததைப் பார்த்ததும் செய்தி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, அவள் கைகளைக் குவித்து வணக்கம் சொன்னாள்.

என்னால் முடியவில்லை. தாளை மடித்து மேசைமேல் வைத்தேன்.

செய்தி வாசிக்கிற குரலில்தான் சொன்னேன். வேறு குரலில் சொல்லியிருந்தால் உடைந்திருப்பேன். லாரி கால்வாயில் கிடைத்தது. டிரைவர் உடல் கிடைத்தது. உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி இதுவரை ஒரு தகவலும் இல்லை. தெரிந்தது இவ்வளவுதான்.

"செத்துட்டாருன்னு சொல்லலையே?" என்றாள்.

"சொல்லல."

"உசுரோட கீறாருன்னு?"

"அதுவும் சொல்லலம்மா."

களம் சலசலத்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "ஊரு ஒலகத்துல அத்தினி சாவச் சொல்றவன், நம்மூரு சாவு ஒண்ணச் சொல்ல மாட்டானாமா" என்றது. இன்னொருவர், "அதுக்குத் தனியா துட்டு குடுக்கணும்போல" என்றார். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "என் தங்கச்சிக்கு இன்னா பதில் சொல்லுவேன்" என்று அவர் கேட்டது எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் கேட்டது.

அவளுக்கும் கேட்டது. எழுந்து நின்று, தாலிக்கயிற்றைப் புடவைக்குள் விட்டுக்கொண்டாள்.

"மாமா, நீங்க கல்யாணத்தப் பண்ணுங்க. அந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு? நான் எங்கம்மா வூட்டுக்குப் பூட்றேன். இன்னொருத்தர் வூட்ல இந்தக் கயிறு இருந்தா உங்களுக்கு இன்னா? என் கணக்கு அந்த வூட்டோட போவட்டும். உங்க வூடு சுத்தமாய்டும்."

யாரும் எதிர்பார்க்காத வழி அது. அப்படி ஒரு முறை உண்டா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். கடைசியில், உண்டு என்று யாரும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும், "நான் போவச் சொல்லல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

களத்தை விட்டுப் போகுமுன் அவள் என் மேசைக்கு எதிரே வந்தாள். "தெரிஞ்சா சொல்லுவீங்க இல்லண்ணா?" என்றாள்.

"சொல்லுவேன்" என்றேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை. கொஞ்ச நாளைக்கு என் முகம் வந்தால் களத்தில் டிவியை நிறுத்திவிட்டார்கள். அம்மா இதைச் சொன்னபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு தேர்தல் ஒன்று வந்தது, ஊருக்கு முடிவு தெரிந்தாக வேண்டும், போட்டுவிட்டார்கள்.

அவள் தாமல் பக்கம் போய்விட்டாள். அதற்கப்புறம் அவளைப் பற்றி எந்தச் சேதியும் இல்லை. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அலுவலகத்தில் பதவி உயர்வோடு வெளியூர் மாற்றல் வந்தது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் காரணம் கேட்டார்கள். பிள்ளைகளின் படிப்பு என்றேன். அதுவும் ஒரு காரணம்தான்.

கறுப்பு வெள்ளை போய்க் கலர் வந்தது. என் தலையும் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போக, சாயம் பூசினார்கள். வெறும் கண்ணால் வாசித்தவன் கண்ணாடி போட்டு வாசித்தேன். போரையும் வெள்ளத்தையும் தலைவர்கள் மறைவையும் வாசித்தேன். எந்தச் செய்தியில் "காணாமல் போனவர்கள்" என்று வந்தாலும், அங்கே ஒரு கோடு போட்டு, அரை மூச்சு நின்று, நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் மேலே போவேன். செய்தி ஆசிரியர் ஒருநாள் கேட்டார், "அங்க ஏன்யா நிக்கிற?" மூச்சுக்கு, சார் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, நில்லு" என்றார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மாதம் என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த மாதமும் இல்லை. புதியவர்கள், இளைய முகங்கள் வந்திருந்தார்கள். யார்மேலும் குற்றமில்லை, அந்த வேலையின் முறையே அதுதான். கடைசியாக வாசித்த செய்தி கடைசிச் செய்தி என்று எனக்கே தெரியாது. வழக்கம்போல் "வணக்கம்" சொல்லிவிட்டு, தாள்களை எண்ணி அடுக்கி வைத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான்.

அதற்கு ஒரு வருடம் கழித்து, மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில், புடவைப் பைகள் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிக்கொண்டு நின்றபோது, எதிரே ஒரு பெண் கைகூப்பி நின்றாள். முகம் தெரிந்து வணக்கம் சொல்கிறவர்கள் அப்போதும் உண்டு. நானும் சொன்னேன்.

"என்னத் தெரியலையாண்ணா? மில்லு களத்துல."

தெரிந்தது. உடனே என் கண் அவள் கழுத்துக்குப் போயிற்று. போகக் கூடாது என்று நினைப்பதற்குள் போய்விட்டது. கழுத்தில் ஒரு பாசிமணி மட்டும் இருந்தது.

அவள் அதைக் கவனித்துவிட்டாள். "யாரும் வந்து சொல்லலண்ணா" என்றாள்.

பஸ் வரும்வரை நின்றபடியே பேசினோம். காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் பட்டு நூல் சுற்றும் வேலைக்கு வந்துபோகிறாளாம். தாமல் பக்கத்துப் பஞ்சாயத்து டிவியில் இத்தனை வருடமும் என் செய்தியைப் பார்த்தாளாம். எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாளாம். "காணாம போனவங்கன்னு சொல்றப்ப ஒரு தபா நிமிந்து பாப்பீங்களே. எனக்குன்னு நெனச்சிக்கினேன். அப்பிடி இல்லன்னாலும் பரவால்லன்னு நெனச்சிக்கினேன்."

உங்களுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். தலையை மட்டும் அசைத்தேன்.

"அப்றம் ஒரு நாளு நீங்க வரல. வேற ஒரு பொண்ணு வாசிச்சுது. லீவுன்னு நெனச்சேன். அடுத்த வாரமும் வரல. மாசம் ரெண்டு போச்சு. சர்தான், இனிமே எனக்குச் சேதி சொல்ற ஆளு இல்லன்னு தெரிஞ்சிக்கினேன். பாலாத்துல தண்ணி ஏது, மணல்ல ஊத்து தோண்டி, அதுல குளிச்சிட்டு நானே கயட்டிட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அழவில்லை. நான்தான் பைகளைத் திரும்பவும் எண்ண ஆரம்பித்தேன்.

இத்தனை வருடமாக யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்ததை அவளிடமே கேட்டுவிட்டேன். அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டுமா?

அவள் யோசித்தாள். "சொல்லியிருந்தா ஒரு தபா அய்துட்டு அங்கியே இருந்திருப்பேன். நீங்க சொல்லாததால தெனிக்கும் காத்துக்கினு இருந்தேன். கஷ்டந்தாண்ணா, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். பாக்காதவன் எய்திக் குடுத்ததுன்னு தெரியாமலே நம்பியிருப்பேன். அத நெனச்சாத்தாண்ணா பயமா கீது."

அவள் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபடி கைகூப்பினாள். போகும்போது, "இப்பவாச்சும் சிரிங்கண்ணா, சேதிதான் முடிஞ்சி போச்சே" என்றாள். நான் சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை.

இப்போது எங்கள் வீட்டு டிவியில் நாள் முழுக்கச் செய்தி ஓடுகிறது. வாசிக்கிற பிள்ளைகள் நன்றாகத்தான் வாசிக்கிறார்கள், என்னைவிட வேகமாக. காணாமல் போனவர்கள் என்ற சொல் வரும்போது மட்டும், சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு அவர்கள் நிமிர்கிறார்களா என்று பார்ப்பேன். நான் வாசித்த காலத்தில் அந்தச் செய்திகளை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள் என்று சொல்வார்கள், அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் எதையும் எண்ணாமல் விடாத எனக்கு, எதிரே இருந்தவர்களில் எண்ண முடிந்தது அந்த ஒருத்தியை மட்டும்தான், அந்த ஒருத்தியிடம் எனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவில்லை என்பதை நினைத்துக்கொண்டுதான் இன்றும் விளக்கை அணைத்துப் படுக்கிறேன்.